மாட்டாஸ்பத்திரியில் மூன்றாம் வியாழன்

பெண்டாட்டியிடம் பேச மாட்டாஸ்பத்திரிக்குப் போகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்காமல் வேறென்ன செய்யும்? பலராமன் ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி மூன்றரை. முதல் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தான். சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவியும் கையில் ஸ்பிரிங் எண்ணெய் வாடை போகவில்லை. புரட்டாசி பிறந்து பத்து நாளாகியும் மழையைக் காணோம். ரோட்டோரத்துப் புளியமரங்கள் தூசி பூசிக்கொண்டு தூங்கி வழிந்தன. டீக்கடை பெஞ்சிலிருந்து அண்ணாதுரை, "இன்னா பலராமா, இன்னிக்கும் ஊசியா?" என்று கேட்டான். போன இரண்டு வியாழக்கிழமையும் அவன் இதையேதான் கேட்டான். பலராமன் கோபித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அதற்குள் அவன் கண், ஏரிக்கரையில் நின்ற எருமையின் முதுகில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்த கொக்கிடம் போய்விட்டது. கண் போன பிறகு கோபம் எங்கிருந்து வரும்? அவன் பாட்டுக்குச் சிரித்துவிட்டு நடந்தான்.

அவன் பெண்டாட்டி காவேரி வீட்டை விட்டுப் போய் நாலு மாசமாகிறது. வைகாசியில், ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ரோடெல்லாம் போலீஸ் நின்ற நாட்களில், துணிப்பையைத் தூக்கிக்கொண்டு குன்றத்தூரில் இருக்கும் தாய்மாமன் பொன்னுரங்கம் வீட்டுக்குப் போனாள். வழியில் மூன்று இடத்தில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்களாம். நாலு புடவையும் ஒரு சீப்பும் இருந்த பையை மூன்று தரம் திறந்து மூடியவள், ஏன் போகிறோம் என்பதை மட்டும் ஒருவரிடமும் திறந்து சொல்லவில்லை. பொன்னுரங்கம் ஒரு மாசம் பொறுத்தார். பிறகு, ஊர் வழக்கப்படி நாலு பேரைக் கூட்டி முடித்துவிடலாம் என்றார். காவேரி முடியாதென்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். இல்லாதவர்களுக்கு அரசாங்கமே வக்கீல் வைத்துத் தரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

வைத்துத் தந்த காலம் ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த இலவச சட்ட உதவி அறை வாசலில் பதினோரு வக்கீல்களின் பெயர் எழுதிய பலகை தொங்கியதாம். இவள் போனபோது பலகை சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது. உள்ளே இருந்த குமாஸ்தா நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். "இந்த வருசம் வக்கீலுக்குக் குடுக்க ஒதுக்கீடே வரலமா. பழைய கேசே அப்படி அப்படியே நிக்குது. ஒக்காந்து பேசித் தீத்துக்கறதா இருந்தா ஒரு மேடம் கீறாங்க, எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார். காவேரி எழுதித் தரச் சொன்னாள். அந்த மேடத்துக்குக் கொடுத்திருந்த அறைக்கும் வாடகை நின்றுபோயிருந்தது. ஆகவே அவர் கிழமைக்கு ஒரு ஊராக, சாயந்திரம் சும்மா கிடக்கிற அரசாங்கக் கட்டிடமாகப் பார்த்து மேசை போட்டார். வாலாஜாபாத் பக்கத்துப் பலராமனுக்கும் குன்றத்தூர்க் காவேரிக்கும் நடுவாந்தரம் ஒரகடம். ஒரகடத்தில் அப்படிச் சும்மா கிடந்தது மாட்டாஸ்பத்திரி.

பலராமன் உள்ளே போனபோது காவேரியும் பொன்னுரங்கமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் மத்தியானமே கிளம்பிவிட்டிருந்தார். கம்பவுண்டர் சுப்பிரமணி தென்னந்துடைப்பத்தால் தாழ்வாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். யாரோ கட்டிவிட்டுப் போன செவலைப் பசு ஒன்று, தனக்கும் இந்த விவகாரத்தில் ஒரு பங்கு உண்டு என்பதுபோல மேசையைப் பார்த்தபடியே அசைபோட்டது. அதன் முன்னால் ஒரு கட்டு வைக்கோல் அவிழ்ந்து கிடந்தது. மேசைக்குப் பின்னால் சசிரேகா மேடம். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். காஞ்சிபுரத்துத் தறிக்காரக் குடும்பம், டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். வெயிலில் பஸ் மாறி வந்த களைப்பில் முகம் கறுத்திருந்தாலும் குரல் மட்டும் குளிர்ந்த தண்ணீர்போல இருந்தது.

"வாங்க பலராமன். உக்காருங்க. இது மூணாவது தடவை. எங்களுக்கு மூணு தடவைதான் அனுமதி. இன்னிக்கும் ஒண்ணும் முடிவாகலன்னா, சமரசம் ஆகலைன்னு எழுதிக் கேஸ் கட்டைக் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பிடணும். அங்க வக்கீல் கிடையாது. அது எப்ப எழுந்திருக்கும்னு எனக்கே தெரியாது. அதனால இன்னிக்கு ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுங்க."

பலராமன் தலையாட்டினான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: காவேரி வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. முதல் வியாழக்கிழமை, "வரட்டும், நான் வேணான்னு சொல்லலியே" என்றான். இரண்டாவது வியாழக்கிழமையும் அதையே சொன்னான். அடித்தானா? இல்லை. குடிப்பானா? இல்லை. சந்தேகப்பட்டானா? அதெல்லாம் அவனுக்குத் தோன்றக்கூடத் தோன்றாது. மேடம் கேட்ட எல்லாக் கேள்விக்கும் காவேரியும் இல்லை இல்லை என்றே சொன்னாள். அப்புறம் என்னதான் வேண்டும் இந்தப் பெண்ணுக்கு என்று மேடமே ஒரு தரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

குறை எங்கே இருக்கிறது என்று கேட்டால், அவன் வேலை பார்க்கிற கம்பெனியில் அதைத் திறமை என்று சொல்வார்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஹைரோட்டின் மேல் இருக்கிற ஸ்பிரிங் கம்பெனியில் அவன் ஆறு வருஷமாகச் சோதித்துத் தள்ளும் வேலையில் இருக்கிறான். ஸ்பிரிங்கை எடுக்க வேண்டும், இரண்டு விரலில் உருட்ட வேண்டும், ஒரு அழுத்து அழுத்தி விட வேண்டும். கம்பியில் முடியளவு விரிசல் இருந்தாலும் விரல் சொல்லிவிடும். நல்லது வலது தொட்டிக்கு, கெட்டது இடது தொட்டிக்கு. ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம். முதல் வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்தான். இரண்டாம் வருஷத்திலிருந்து பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று. "பலராமன் கையிலயே கண்ணு கீதுடா" என்று போர்மேன் நரசிம்மன் புதுப் பையன்களைக் கூட்டிவந்து காட்டுவார். கைக்குக் கண் வந்ததும் முகத்திலிருந்த கண்ணுக்கு வேலை போய்விட்டது. அது ஜன்னலுக்கு வெளியே மேயத் தொடங்கியது. தூரத்துப் பனைமரம், அதற்குப் பின்னால் தகடுபோல மின்னுகிற ஏரி, மேகம் போகிறபோது அந்தத் தகடு கறுத்து மறுபடி வெளுப்பது, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். எட்டு மணி நேரம் கையை இங்கே விட்டுவிட்டு அவன் அங்கே இருப்பான். சங்கு ஊதினால் திரும்பி வருவான்.

வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். காவேரி எதிரே உட்கார்ந்து பேசுவாள், கை பாட்டுக்கு எதையாவது எடுத்து உருட்டும், அழுத்தும், ஒடிக்கும். தீக்குச்சி, பாயின் கோரை, துடைப்பக்குச்சி. அந்த வீட்டுத் துடைப்பம் தேய்ந்ததில் பாதி பெருக்கித் தேய்ந்தது, பாதி பலராமன் ஒடித்துத் தேய்ந்தது. "எங்க கீற நீ?" என்பாள். "இங்கதான கீறன்" என்பான். பொய் சொல்கிறோம் என்றுகூட அவனுக்குத் தெரியாது, பாவம்.

பொன்னுரங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். அவருக்கு அறுபது வயது. நியாயஸ்தர், ஆனால் பொறுமை கிடையாது.

"மேடம், நான் சொல்றனேன்னு நெனைக்காதீங்க. கோர்ட்டு, மேசை, பேப்பரு இதெல்லாம் இப்ப வந்தது. எங்க ஊருப் பக்கம் புடிக்கலன்னா நாலு பேரு முன்னாடி ஆம்பளயானவன் ஒரு துரும்ப எடுத்து ஒடிச்சிப் போட்ருவான். அவ்ளோதான். அதுக்கப்பறம் அவன் யாரோ, இவ யாரோ. நல்லதோ கெட்டதோ, ஒரே நாள்ல முடிஞ்சிரும். இத்தத்தான் நான் மொதல்லயே சொன்னன். இவ கேக்கல."

"ஏன் காவேரி, நீங்க வேண்டாம்னு சொன்னீங்க?" என்று மேடம் கேட்டார்.

காவேரி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "துரும்பு ஒடிக்கறது அது கையிலதான் கீது மேடம். நான் சும்மா நிக்கணும். என்ன ஏதுன்னு என்னயும் ஒரு ஆளு கேக்கணும்னுதான் கோர்ட்டுக்குப் போனன்."

நியாயமான பேச்சு. மேடத்தின் முகம் மலர்ந்தது. சுப்பிரமணிகூடத் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். பலராமன் மட்டும் பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது வைக்கோலை வாயில் இழுக்கும்போது ஒரு தாள் மட்டும் மாட்டாமல் நழுவி, காற்றில் அரை வட்டம் போட்டு, அவன் காலடியில் வந்து விழுந்தது. அவன் கை குனிந்து அதை எடுத்துக்கொண்டது. காவேரி அதைப் பார்த்தாள்.

"சரி. நான் கேக்கறேன்," என்றார் மேடம். "ஏன் வந்தீங்க? இது ஒண்ணை மட்டும் நான் இதுவரைக்கும் நேரா கேக்கவே இல்ல."

"அதுங்கிட்ட சொல்லிட்டுத்தான் மேடம் வந்தன். அதுக்குத் தெரியும்."

"எங்கிட்டயா?" பலராமன் திரும்பினான். "எங்கிட்ட நீ ஒண்ணும் சொல்லலியே காவேரி. ஷிப்டு முடிஞ்சி வந்தன், வூடு பூட்டி இருந்துச்சி. பக்கத்து வூட்டுல சாவி குடுத்தாங்க. இன்னா கோவம்னே எனக்குத் தெரியாது."

அவன் சொன்னது சத்தியம். அதுதான் கொடுமை. தாழ்வார ஓட்டுச் சந்து வழியாக ஒரு வெயில் கீற்று இறங்கி மேசைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நின்றது. அதற்குள் வைக்கோல் தூசி மேலும் கீழுமாக மிதந்தது. பார்க்கப் பார்க்க அது ஏரித் தண்ணிக்குள் மீன் குஞ்சுகள் திரும்புவதுபோல இருந்தது பலராமனுக்கு. காவேரியின் குரல் அந்தத் தண்ணிக்கு அடியிலிருந்து வருவதுபோலத் தொடங்கியது.

"சித்திர மாசம் கடைசி செவ்வாக்கெழம. உனக்கு அன்னிக்கி லீவு. பின்னாடி வாசப்படில ஏரியப் பாத்துக்கினு ஒக்காந்திருந்த. நான் பக்கத்துல வந்து ஒக்காந்தன். சொன்னன். ரெண்டு மாசமா தள்ளிப்போச்சி, உங்கிட்டகூட சொல்லாம வெச்சிருந்தன், நாலு வருசம் கழிச்சி நின்னுருக்கு, கண்ணு பட்ரப் போவுதுன்னு பயந்துக்கினு இருந்தன்னு சொன்னன். நேத்து நீ வேலைக்குப் போயிருந்தப்ப வயித்து நோவு வந்து எல்லாம் போயிட்ச்சின்னு சொன்னன். நானே பஸ் ஏறி வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தன்னு சொன்னன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காவேரி மேலே சொன்னாள்.

"நீ 'உம், சரி'ன்ன. தொடப்பக்குச்சிய ஒடிச்சிக்கினே இருந்த. மறுநாளு காத்தால, 'இன்னா டல்லா கீற, ஒடம்பு செரியில்லியா'ன்னு கேட்ட. இன்னும் பத்து நாளு இருந்து பாத்தன். எப்பனா ஞாபகம் வந்து கேப்பன்னு. நீ கேக்கல."

பலராமன் அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேடிப் போனான். போன வேகத்தில் அது கிடைத்தும் விட்டது, முழுசாக, ஒரு சேதாரமும் இல்லாமல். பின்வாசல். சித்திரை வெயிலில் பாதி வற்றிய ஏரி. பட்டுப்போன கருவேலங்கிளையில் ஒரு மீன்கொத்தி. அது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்ததும், அம்புபோல விழுந்ததும், எழும்பியபோது அலகில் மீன் துடித்ததும், சிறகிலிருந்து தெறித்த தண்ணீர் வெயிலில் பச்சையும் நீலமுமாக உதிர்ந்ததும், ஒவ்வொன்றும் இருந்தது. பக்கத்தில் காவேரி உட்கார்ந்திருந்ததும் இருந்தது, அவள் புடவையின் ஓரம் அவன் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தது. அவள் வாய் அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை. எத்தனை தரம் திரும்பிப் போய்க் காதை வைத்தாலும் சத்தம் இல்லை. ஒரு பிள்ளை வந்ததும் போனதும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லப்பட்டிருக்கிறது, அவன் மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ரொம்பச் சின்னச் சத்தம்.

குனிந்து பார்த்தான். வலது கையில் வைக்கோல் தாளில் பாதி இருந்தது. மறுபாதி தரையில், அந்த வெயில் கீற்றுக்குள் கிடந்தது.

"என்ன ஆச்சு?" என்று மேடம் கேட்டார். எல்லாரும் ஏன் இப்படிச் சிலைபோல ஆகிவிட்டார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. சுப்பிரமணி கிட்டே வந்து, சாவுச் செய்தி சொல்கிற குரலில், "துரும்ப ஒடிச்சிட்டாரும்மா" என்றார்.

பொன்னுரங்கம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆச்சி. நாலு பேரு பாத்தாச்சி. வா காவேரி, பஸ்ஸுக்கு நேரமாவுது."

"மாமா, நான் ஒடிக்கல மாமா," என்றான் பலராமன். "தெரியாம... அது தானா..."

"கை உன்துதான மாப்ள?"

"ஐயா, கொஞ்சம் உக்காருங்க," மேடம் குரலை உயர்த்தினார். "வைக்கோலை ஒடிச்சா கல்யாணம் முடிஞ்சிரும்னு எந்தச் சட்டத்திலயும் இல்ல. நான் இதை எழுதிக்கவும் முடியாது."

"சட்டந்தான் வக்கீல் இல்லன்னு கைய விரிச்சிட்ச்சேம்மா. அது விரிச்ச எடத்துல எங்க ஊரு வழக்கம் வந்து ஒக்காருது. நான் இன்னா பண்ண?" பொன்னுரங்கம் காவேரி பக்கம் திரும்பினார். "நீ கேட்டது இதான? முடிச்சி உடணும்னுதான கேட்ட?"

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். பலராமனைப் போன்ற ஒன்றும் தெரியாதவன் கையிலும் புல் ஆயுதம்தான் என்று அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

காவேரி எழுந்து வந்து, வெயிலில் கிடந்த பாதித் தாளை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று பலராமன் நினைத்தான். அவள் லேசாகச் சிரித்தாள், அதைப் பார்க்கத்தான் அவனுக்கு அழுகை வந்தது.

"பாருங்க மேடம். நாலு வருசமா என்ன கஷ்டம்னு கேட்டீங்களே. இதான். என்னய அனுப்பறதக்கூட அது பாக்காமத்தான் செய்யுது."

பொன்னுரங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். காவேரி அவரிடம் திரும்பி, "நான் இத்த கேக்கல மாமா. என்னயும் ஒரு வார்த்த கேளுங்கன்னு கேட்டன். இன்னிக்கித்தான் கேட்டாங்க. பதில சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒடிச்சிப் போட்டுது" என்றாள். பிறகு பசுவின் முன்னால் போய்க் குந்தி, வைக்கோலைக் கிளறினாள். வளையாத, நசுங்காத, நுனியில் காய்ந்த கதிர்க் காம்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்த நீளத் தாளாகத் தேடி எடுத்தாள். பசு தலையைத் திருப்பி அவள் தோளை முகர்ந்தது. அவள் அதைத் தள்ளவில்லை. எழுந்து வந்து பலராமன் எதிரே நின்று தாளை நீட்டினாள்.

"இந்தா. புடி. என் மூஞ்சப் பாரு."

பலராமன் பார்த்தான்.

பார்ப்பது என்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண் இரண்டு தரம் வெயில் கீற்றுக்கு ஓடியது. கயிறு கட்டி இழுத்து வருவதுபோல இழுத்து வந்தான். இடது புருவத்தின் நடுவில் ஒரு சின்ன வெட்டு, அங்கே முடி முளைக்கவில்லை. சின்ன வயதில் விழுந்திருக்க வேண்டும். எங்கே விழுந்தாய் என்று கேட்டதே இல்லையே. தாடையில் எண்ணெய் தெறித்த தழும்பு, புதுசு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மீன்கொத்தியின் சிறகில் எத்தனை நிறம் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, நாலு வருஷம் கூட இருந்தவளின் கண் கறுப்பில்லை, தேன் நிறம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அந்தக் கண்ணில் கோபம் இருக்கும் என்று பயந்திருந்தான். கோபமே இல்லை. அது யாரோ வருவதற்காக ரொம்ப நேரம் வாசலைப் பார்த்துக் களைத்த கண்.

"இப்ப ஒடிக்கறதுன்னா ஒடி. பாத்துக்கினே ஒடி. நான் போயிடறன். ஒரு வார்த்த சொல்ல மாட்டன்."

"மாட்டன்," என்றான். "காவேரி, எனக்கு ஞாபகம் வரல. மீன்கொத்தி ஞாபகம் வருது. நீ சொன்னது வரல. நான் இன்னா மனுசன்."

அவன் அழுதான். மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கியவன், கையில் தாள் இருப்பது நினைவு வந்து, தோளில் துடைத்துக்கொண்டான். காவேரி அதையும் பார்த்தாள்.

"இங்க எல்லாரும் பாக்கறாங்க, அதனால மாட்டன்ற," என்றாள் மெதுவாக. "இத்த வூட்டுக்கு எடுத்துக்கினு போ. அடுத்த வியாழக்கெழம எடுத்தா. முழுசா இருந்துச்சின்னா நான் வந்து ஒக்காந்து பேசறன். மீதி இன்னும் நெறைய கீது சொல்றதுக்கு. ஒடிஞ்சிருந்தா நீ வரவே வேணாம். அனுப்பிட்டன்னு வெச்சிக்கறன்."

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "இன்னாமே இது வெளையாட்டு? வழியில ஒடிஞ்சிட்டா வேற துரும்பு ஒண்ண எடுத்துக்கினு வந்துட்டுப் போறான். வூடு பூரா வைக்கோல்தான?"

"வேற எடுக்கறதுன்னா மொதல்ல ஒடிஞ்சத அது பாக்கணும் இல்ல மாமா," என்றாள் காவேரி. "அத்த பாத்துட்டாகூட எனக்குப் போதும்."

மேடம் கேஸ் கட்டைத் திறந்தார். 'முடிவு' என்று அச்சடித்த கட்டத்துக்கு மேலே பேனா நின்றது. பிறகு அதன் மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டார். "மூணாவது தடவை இன்னும் முடியல. பாதியில நிக்குது. அடுத்த வாரம் தொடரும்னு எழுதிக்கறேன். யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்," என்றார். ஒதுக்கீடு இல்லாத ஆபீசில் யார் கேட்கப் போகிறார்கள் என்று முணுமுணுத்தது சுப்பிரமணிக்கு மட்டும் கேட்டது. காவேரியும் பொன்னுரங்கமும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற பஸ்ஸுக்குப் போனார்கள். ரோட்டைத் தாண்டும் வரை பலராமன் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் திரும்பிப் பார்த்தாளா என்றால், பஸ் படியில் கால் வைத்தபோது ஒரு தரம் பார்த்தாள். அவன் முகத்தையா, கையையா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

வாலாஜாபாத் பஸ் ஐந்து மணிக்கு வந்தது. ஷிப்ட் முடிந்தவர்கள், சந்தைக் கூடைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து உள்ளே மூச்சு விட இடமில்லை. பலராமன் இடது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான். அந்தக் கையில் தாள். அது சட்டைப் பைக்கு நீளம். மடித்தால் போயிற்று. நாளைக்கு லைனில் இரண்டு கையும் வேண்டும், அப்போது இதை எங்கே வைப்பது? வீட்டில் வைக்கலாமென்றால் கூரையே வைக்கோல், செருகி வைத்தால் எது இது என்று எப்படித் தெரியும்? ஏழு நாள் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழக்கத்தில் ஒன்றையொன்று நெருங்குவதை அவன் பார்த்தான். நில் என்றான் மனசுக்குள். நின்றன. அடுத்த நிமிஷம் மறுபடி நெருங்கின.

கூடைக்காரம்மா ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள். "இன்னாபா, துரும்ப சாமி வெளக்கு மாதிரி தூக்கிக்கினு போற?"

"மாட்டாஸ்பத்திரில குடுத்தாங்க."

"மாட்டுக்கா?"

"இல்ல," என்றான் பலராமன். "எனக்கு."

கண்டக்டர் டிக்கெட் கேட்டார், உட்கார்ந்திருந்த யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள், அவன் உட்காரவில்லை. ஏரிக்கரைத் திருப்பத்தில் பஸ் சாய்ந்தது. சாயந்திர வெயிலில் ஏரி முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. கரையோரம் நின்ற கொக்குக் கூட்டம் பஸ் சத்தத்தில் அப்படியே எழும்பி, ஜன்னலை ஒட்டி வெள்ளை வெளேரென்று பறந்து போயிற்று. பிள்ளைகளெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பலராமன் பார்க்கவில்லை. ஜன்னல் காற்றில் தாளின் நுனி நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் முதுகைத் திருப்பிக் காற்றை மறைத்துக்கொண்டு, தன் விரல்களையே பார்த்தபடி நின்றான்.